கிழங்கில் மாவு ஏற என்ன செய்யலாம்? கேள்வி பதில்

கேள்வி: இலையில் சர்க்கரைதானே உண்டாகிறது? மாவுச்சத்து எங்கிருந்து வருகிறது, ஐயா?

சர்க்கரையைச் சரம் சரமாகக் கோத்தால் அதுதான் மாவுச்சத்து. பகலில் இலை செய்யும் சர்க்கரையில் ஒரு பங்கு பசுங்கணிகத்துக்குள்ளேயே மாவு மணியாகத் தங்கும். இரவில் செடி அதைக் கரைத்துச் செலவழிக்கும். நீங்களே பார்க்கலாம். சாயங்காலம் ஓர் இலை, விடியுமுன் அதே செடியில் இன்னோர் இலை பறியுங்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, ஆல்கஹாலில் ஊற வையுங்கள். ஆல்கஹால் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே சூடாக்க வேண்டும், நெருப்பில் நேரடியாக வைக்கவே கூடாது. பச்சை போன இலையை அலசி அயோடின் விட்டால், சாயங்கால இலை கருநீலமாகும். விடியற்கால இலையில் பெரும்பாலும் அயோடினின் பழுப்பு மட்டும்தான் தெரியும். 1860-களில் ஜெர்மன் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் வெளிச்சத்தில் இலை மாவுச்சத்து செய்வதைக் காட்டியதும் அயோடினை வைத்துத்தான்.

கேள்வி: அந்த மாவுதான் கிழங்குக்கு இறங்குகிறதா?

இல்லை. மாவு மணி நகராது. சுக்ரோஸ் சர்க்கரையாக இறங்கி, கிழங்கில் மறுபடி மாவாகிறது.

கேள்வி: சார், கிழங்கில் அதைச் செய்வது எது?

குளுக்கோஸை அப்படியே சரத்தில் சேர்க்க முடியாது. முதலில் ஆற்றலைச் செலவழித்து அதோடு அடினோசின் டைபாஸ்பேட் என்ற மூலக்கூறை ஒட்டவேண்டும். அதைச் செய்யும் நொதி ஏஜிபேஸ். வாசற்படி அதுதான், சர்க்கரை நிறைய இருந்தால் வேகமெடுக்கும், பாஸ்பேட் கூடினால் அடங்கும். அப்புறம் ஒரு நொதி சரத்தை நீட்டும், இன்னொன்று கிளை போடும். கிளையில்லாதது அமிலோஸ், சுமார் கால் பங்கு. கிளைத்தது அமிலோபெக்டின், முக்கால் பங்கு. மெண்டல் ஆராய்ந்த சுருங்கிய பட்டாணியில் பழுதானது இந்தக் கிளை போடும் நொதிதான்.

கேள்வி: அப்படியென்றால் ஏஜிபேஸைக் கூட்டினால் போதுமே?

எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். 1992-இல், கட்டுப்பாட்டுக்கு அடங்காத பாக்டீரியா ஏஜிபேஸை உருளைக்கிழங்கில் புகுத்தியபோது மாவு சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்குமேல் கூடியது. 1996-இல் வேறொரு ரகத்தில் அதையே செய்தார்கள். மாவு கூடவில்லை. கிழங்கு மாவைக் கூடுதலாகச் செய்தது உண்மை. அதே வேகத்தில் உடைத்தும் விட்டது! எனக்கு இந்தத் துறையிலேயே முக்கியமான பாடம் இதுதான். எவ்வளவு செய்கிறது என்பது பாதிக் கணக்கு, எவ்வளவு தங்குகிறது என்பது மீதி. 2002-இல் இன்னொரு குழு ஏஜிபேஸைத் தொடாமல், கிழங்கின் மாவுக்கணிகத்தில் (செல்லுக்குள் மாவு சேரும் சிறு அறை) ஆற்றல் கூடுதலாகக் கிடைக்கும்படி வேறொரு நொதியைக் குறைத்தது. மாவு 60 சதவீதம் வரை ஏறியது.

கேள்வி: அண்ணா, என் மரவள்ளி நன்றாகத் தழைத்திருக்கிறது, யூரியா குறைவில்லாமல் போட்டேன். ஆனால் கிழங்கில் மாவு இல்லை என்கிறார்கள்.

தழைத்ததுதான் காரணம், தம்பி. தழைச்சத்து மிஞ்சினால் சர்க்கரை புது இலைக்கே போகும். பொட்டாஷ் போட்டீர்களா? சரத்தை நீட்டும் நொதி வேலை செய்யவும், இலையிலிருந்து சர்க்கரை இறங்கவும் பொட்டாசியம் வேண்டும். இன்னொன்று, வறட்சிக்குப் பின் மழை பெய்து புதுத் துளிர் விட்டால், செடி கிழங்கின் மாவைக் கரைத்துத்தான் துளிருக்குக் கொடுக்கும். துளிர்ப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: நெல்மணி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறதே?

பால் பிடிக்கும் பருவத்தில் வெப்பம், முக்கியமாக இரவு வெப்பம். மாவு மணிகள் நெருங்கி அடையாமல் இடைவெளி விழுகிறது, அதனால் வெளுப்பு. அந்தப் பருவம் கடும் வெயிலில் விழாதபடி விதைப்பைத் தள்ளிப் பாருங்கள்.

கேள்வி: உருளைக்கிழங்கில் மாவு ஏறியிருப்பதை எப்படி அறிவது? ஆய்வகம் இல்லை.

தராசு போதும். மண் போகக் கழுவிய 5 கிலோ கிழங்கைக் கம்பிக் கூடையில் வைத்து, தண்ணீரில் முழுக்க அமிழ்த்தித் தொங்கவிட்டு எடை பாருங்கள். கூடையை மட்டும் அமிழ்த்தினால் வரும் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். 400 கிராம் வந்தால் 5000-ஐ 4600-ஆல் (5000-இல் 400 போக) வகுங்கள்: 1.087. கிழங்கு தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பதுதான் இந்த எண். நல்ல மாவுக் கிழங்கு. 1.06-க்கு அருகில் நின்றால் நீர்ச்சத்துதான் அதிகம். நடுவில் பொக்கு விழுந்த கிழங்கு கணக்கைக் கெடுக்கும். சந்தேகமிருந்தால் இரண்டை வெட்டிப் பார்த்துவிட்டு எடை போடுங்கள்.