குழந்தை எத்தனை முறை சொல்ல வேண்டும்?

கேள்வி: மருத்துவமனை ஒன்றில் உளவள ஆலோசகராக இருக்கிறேன். துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தைகள் எங்களிடம் வரும்போது, ஏற்கெனவே ஆசிரியரிடமும் காவலரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறார்கள். பிறகு மருத்துவர், குழந்தை நல அலுவலர், நீதிமன்றம் என்று மறுபடியும் மறுபடியும் சொல்கிறார்கள். எல்லாத் துறையினரையும் ஒன்றாக அமர்த்திப் பயிற்சி நடத்த நிர்வாகம் இரண்டு நாள் ஒதுக்கி, பாடத்தை வகுக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறது. முன்பு நடந்த பயிற்சிகளால் எதுவும் மாறவில்லை. இந்த இரண்டு நாளை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: இரண்டு நாளையும் அடுத்தடுத்து நடத்திவிடாதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. ஒரு நாளை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளுக்குரிய நேரத்தை மாதம் ஒரு மணி நேரமாகப் பிரித்துத் தரும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். குழந்தைகளை விசாரிப்பவர்களுக்காக மைக்கேல் லேம் உள்ளிட்ட உளவியலாளர்கள் வகுத்த நேர்காணல் நெறிமுறையைப் பின்தொடர்ந்து பல ஆய்வுகள் நடந்துள்ளன. வகுப்பறையில் கற்றவர்கள் எது நல்ல கேள்வி என்பதைச் சரியாகவே ஒப்பிக்கிறார்கள், ஆனால் குழந்தையின் எதிரே அமர்ந்ததும் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுகிறார்கள் என்பதை அவை காட்டின. நேர்காணலின் எழுத்துப்படியை இன்னொருவர் வரிவரியாகப் பார்த்துத் திருத்தியபோதுதான் முன்னேற்றம் தெரிந்தது. அந்த மேற்பார்வை நின்ற சில மாதங்களில் தரமும் சரிந்தது. முன்பு நடந்த பயிற்சிகள் பலன் தராததற்குப் பங்கேற்றவர்களின் அக்கறையின்மையைக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஒரு நாளைச் சட்டப் பிரிவுகளை வாசித்துக் கழிக்க வேண்டாம்; அச்சடித்துக் கொடுத்தால் அவரவர் படித்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக, முடிந்துபோன ஒரு வழக்கின் கோப்பை உரிய அனுமதியோடு எடுத்து, பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு மேசையில் வையுங்கள். குழந்தை முதலில் யாரிடம் வாய் திறந்தது, அவர் என்ன கேட்டார், என்ன எழுதினார், அந்தத் தாள் யாரிடம் போனது, அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பெரிய தாளில் எல்லோரும் சேர்ந்து வரையட்டும். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஆசிரியரின் குறிப்பில் “கதவைச் சாத்திட்டு விளையாடலாம்னு சொன்னாரு” என்று குழந்தையின் சொல் அப்படியே கிடக்கும். காவல் நிலையத்துத் தாளில் அது “தகாத செயலில் ஈடுபட்டார்” என்று மாறியிருக்கும். மருத்துவ அறிக்கையிலோ “காயம் ஏதுமில்லை” என்ற ஒரு வரியே மிஞ்சியிருக்கும். மூன்றாவது தாளுக்கு வருவதற்குள் குழந்தையின் சொல் காணாமல் போய்விட்டது. அடுத்து வருபவர் மறுபடியும் முதலிலிருந்து கேட்பதற்கு அதுவே காரணம். சொன்னதைச் சொன்னபடியே, கேட்ட கேள்வியையும் சேர்த்து எழுதுவது என்ற ஒரே ஒரு பழக்கத்தை அன்றைக்கு எல்லாத் துறையினரும் ஏற்றுக்கொண்டாலே பயிற்சிக்கான செலவு வீண் போகவில்லை என்று நான் சொல்வேன்.

“காயம் ஏதுமில்லை” என்ற வரியைத் தனியே எடுத்துப் பேசுங்கள், ஏனெனில் ஒரு துறையின் சொல்லை இன்னொரு துறை தவறாகப் படிப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. பாலியல் வன்முறை நடந்து குற்றவாளிக்குத் தண்டனையும் உறுதியான வழக்குகளைச் சேர்ந்த 236 குழந்தைகளின் பரிசோதனை முடிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1994-இல் வெளியானது. தெளிவான உடல் மாற்றம் தெரிந்தவர்கள் சுமார் 14 விழுக்காட்டினர் மட்டுமே. இது குழந்தை மருத்துவருக்குத் தெரியும். காவலருக்கும் வழக்கறிஞருக்கும் தெரிந்திருக்காது. அதனால் “பரிசோதனை இயல்பாக உள்ளது, இது குழந்தை சொன்னதை மறுக்கவில்லை” என்று மருத்துவர் முழு வாக்கியமாக எழுத வேண்டும். உடல்வதைக்கும் இதே நிலைதான். இங்கிலாந்தில் 1999-இல், விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுக்கும் குறைந்த சிறுமியின் உடலில் இருந்த புண்களைச் சிரங்கு என்று ஒரு மருத்துவர் கணித்தார். அப்படியானால் வதை இல்லை என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிறுமி மறுநாளே வதைத்தவரிடம் திருப்பி அனுப்பப்பட்டாள். 2000 பிப்ரவரியில் இறந்தாள். தலையிட்டுக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் இருந்தன என்று 2003-இல் வந்த லேமிங் விசாரணை அறிக்கை கணக்கிட்டது. சந்தித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லாத ஒரு குழந்தை அவள்.

பிற்பகலை நேர்காணலுக்குக் கொடுங்கள். தேர்ந்த ஒருவர் மட்டும் குழந்தையிடம் பேச, மற்றவர்கள் அடுத்த அறையில் இருந்து பார்க்கும் முறை புதிதல்ல. அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரில் 1985-இலும் ஐஸ்லாந்தில் 1998-இலும் இதற்கென்றே தனி மையங்கள் தொடங்கப்பட்டன. உங்களிடம் அப்படியொரு கட்டடம் இல்லாமல் இருக்கலாம்; பூட்டிக்கொள்ளக்கூடிய அமைதியான ஓர் அறையும், ஒலி, ஒளிப்பதிவுக் கருவியும், பதிவை யார் பார்க்கலாம் என்ற எழுத்துப்பூர்வமான விதியும் இருந்தால் தொடங்கிவிடலாம். விரிவாக விசாரிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதை உங்கள் நாட்டுச் சட்டப்படி முடிவு செய்துகொண்டு, மற்ற அனைவரும் குறைவாகக் கேட்கக் கற்க வேண்டும். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம், ஏனெனில் இரக்கமுள்ள மனிதர்கள்தான் அதிகம் கேட்டுவிடுகிறார்கள். ஆசிரியரோ செவிலியரோ குழந்தையை நிறுத்தாமல் கேட்டு, பாதுகாப்புக்குத் தேவையானதை மட்டும் தெரிந்துகொண்டு, “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்ற பொய்யான உறுதியைத் தராமல், உடனே தகவல் தர வேண்டும். சட்டப்படி தெரிவிக்க வேண்டியதைத் தெரிவிக்க, உங்கள் குழு கூடும்வரை எவரும் காத்திருக்கக் கூடாது.

கேள்வியின் வகையை இருவர் இருவராக அமர்ந்து பழகட்டும். “அவர் உன்னைத் தொட்டாரா?” என்பது விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது, “அங்கே போன பிறகு நடந்ததை எல்லாம் சொல்லு” என்பது குழந்தைக்கு இடம் விடுவது. 1983-இல் அமெரிக்க மழலையர் பள்ளி ஒன்றைச் சுற்றி எழுந்த வழக்கு 1990 வரை நீண்டு, ஒருவர் மீதும் குற்றம் உறுதியாகாமலேயே முடிந்தது. குழந்தைகளை வழிநடத்திக் கேட்ட பதிவுகள் அதில் பெரிய சிக்கலாயின. தவறான கேள்வியால் நிரபராதியும் பாதிக்கப்படலாம், உண்மையில் பாதிக்கப்பட்ட குழந்தையின் வாக்கும் நம்பிக்கை இழக்கலாம்.

கூட்டாகச் செயல்படுவது என்றால் எல்லோரும் ஒரே வேலையைச் செய்வது என்று பொருளல்ல. காவலருக்குச் சான்று வேண்டும். மருத்துவருக்கு நேரம் முக்கியம், எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். உங்களுக்கோ அவசரமே ஆகாது. இந்த வேறுபாட்டை மறைக்காமல் பேசவிடுங்கள். குறிப்பாக நீங்கள் சிகிச்சை அமர்வை விசாரணையின் நீட்சியாக மாற்றிவிடாதீர்கள். குழந்தையின் பாதுகாப்பைத் தொடும் செய்தியைப் பகிர வேண்டும், மற்ற அமர்வுக் குறிப்புகள் சட்டம் கோரினாலன்றி உங்களோடு இருக்கட்டும். கூட்டங்களில் பதவியில் மூத்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள் என்பதால், இளநிலை ஊழியரை முதலில் பேசச் சொல்லுங்கள்; குழந்தையோடு அதிக நேரம் இருந்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். இரவு பத்து மணிக்கு ஒரு குழந்தை வந்தால் யார் யாரை அழைப்பது என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கையெழுத்திட்டவர் மாற்றலாகிப் போனால் அந்தப் பக்கமும் அவரோடு போய்விடாதபடி பதவியின் பெயரால் எழுதுங்கள்.

மாதாந்திர ஒரு மணி நேரத்தில் முக்கால் பங்கு, பெயர் நீக்கிய ஒரு நேர்காணலின் எழுத்துப்படிக்கு. மிச்சம், கேட்டதையெல்லாம் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறவர்களின் மனச்சுமைக்கு. இப்பணியில் இருப்பவர்களுக்கு உறக்கம் கெடுவதும் உள்ளம் மரத்துப்போவதும் வழக்கமானவை. அதைத் தனிப்பட்டவரின் பலவீனமாக யாரும் பேசக்கூடாது.

பயன் தெரிகிறதா என்று பார்க்க, பயிற்சி முடிந்ததும் நிரப்பும் கருத்துப் படிவங்களை நம்ப வேண்டாம். சாப்பாடு நன்றாக இருந்தாலும் அவற்றில் மதிப்பெண் கூடும். இரண்டு எண்களை எடுங்கள்: ஒரு குழந்தை நடந்ததை விரிவாக எத்தனை முறை சொன்னது, முதலில் வாய் திறந்ததிலிருந்து மருத்துவரைச் சந்திக்க எத்தனை மணி நேரம் ஆனது. கடந்த ஆண்டுக் கோப்புகளிலிருந்து இவ்விரண்டையும் பயிற்சிக்கு முன்பே கணக்கிட்டு வைத்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் ஒப்பிட எதுவும் இருக்காது. முதல் மாதக் கூட்டத்தின் தேதியைப் பயிற்சி நாளன்று எல்லோரும் எழுந்து போவதற்கு முன்பே குறித்துவிடுங்கள்.