மதியமானால் கேம் திக்குவது ஏன்?
கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: லேப்டாப்பில் காலையில் நன்றாக ஓடும் கேம், மதியம் அரை மணி நேரத்திலேயே திக்குகிறது, எஃப்.பி.எஸ் (நொடிக்குத் திரையில் வரும் ஃப்ரேம், அதாவது படங்களின் எண்ணிக்கை) பாதியாக விழுகிறது, நெட்டை மாற்றலாமா என்று.

வேண்டாம். நெட் கோளாறென்றால் பிங் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) எகிறும், எதிராளி இடம்விட்டு இடம் தாவுவான். உங்களுடையது சூடு. 60 எஃப்.பி.எஸ் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் 16.7 மில்லி செகண்டுக்குள் தயாராக வேண்டும். லேப்டாப் கொதித்தால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். நம்மூர் மே மாத வெயிலில், அதுவும் மெத்தைமேல் வைத்து ஆடினால் கேட்கவே வேண்டாம்!

முதலில் ஃபேன் தூசியை எடுங்கள். பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, சார்ஜரில் போட்டே ஆடுங்கள். அப்புறம் கேம் செட்டிங்கில் ஷேடோவை (நிழல்களை) குறையுங்கள். ரெசல்யூஷனை 1080இலிருந்து 900க்கு இறக்கினால் வரைய வேண்டிய பிக்சலே சுமார் 30 சதவீதம் குறையும். ‘கேம் பூஸ்டர்’ ஆப் எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.