சின்ன அலைக்குப் பெரிய பலகையா?

கேள்வி: என் எடை 75 கிலோ. இரண்டு ஆண்டுகளாக அலைச்சறுக்கு பழகுகிறேன். 6 அடி நீளம், 28 லிட்டர் கன அளவுள்ள என் ஷார்ட்போர்டு (குட்டையான சறுக்குப் பலகை), இடுப்பளவு அலையில் நகர மறுக்கிறது. இன்னும் நீளமானதை வாங்கலாமா?

பதில்: நீளம் இருக்கட்டும். முதலில் உங்கள் பலகையைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மூக்கு வாழைப்பழம்போல் வளைந்திருக்கிறதா? அதுதான் ராக்கர். செங்குத்தான அலையில் மூக்கு குத்தாமல் காப்பாற்றும். சோம்பேறி அலையிலோ தண்ணீரைத் தள்ளித் தள்ளியே வேகத்தைத் தின்றுவிடும். மெல்லிய பலகைதான் அழகு என்று நம்பி, ஒரு பருவம் முழுவதும் நகராமல் மிதந்தவன் நான்.

உங்களுக்கு ஃபிஷ் வகை பொருந்தும். 5 அடி 8 அங்குல நீளம், 21 அங்குல அகலம், 34 லிட்டர், தட்டையான அடிப்பாகம், மீன்வாலாகப் பிளந்த பின்புறம். 1967-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் என்பவர், முழங்காலிட்டுச் சறுக்குவதற்காகச் செய்த வடிவம் இது. அகலம் கூடுவதால் குட்டையாக இருந்தும் நன்றாக மிதக்கும்.

அலை முழங்காலைத் தாண்டாத இடமென்றால் பேச்சே இல்லை, 9 அடி லாங்போர்டுதான். பழையதை விற்றுவிடாதீர்கள், அலை தலைக்கு மேல் எழும் நாளில் தேடுவீர்கள்.