கிருஷ்ணகிரியில் கல்யாண மண்டபம் கட்டுகிறோம். போஸ்ட் டென்ஷன் ஸ்லாபை நம்பிப் போடலாமா?

தாராளமாகப் போடலாம். காங்கிரீட் இறுகிய பிறகு அதற்குள் ஓடும் கம்பியை இழுத்துக் கட்டுவதுதான் போஸ்ட் டென்ஷன். ஓசூர், தர்மபுரி பக்கம் ஒன்பது வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன். நடுவில் தூண் இல்லாமல் 12 மீட்டர் வேண்டும் என்கிறீர்கள். சாதாரண பீம் என்றால் ஏறக்குறைய மூன்றடி ஆழம் வரும். கம்பியை இழுத்துக் கட்டினால் இரண்டடிக்குள் முடிக்கலாம்.

கம்பி அறுந்துவிடுமோ என்று உங்கள் அப்பா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அவருக்கு மாட்டு வண்டிச் சக்கரத்தை ஞாபகப்படுத்துங்கள். இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி மரத்தை இறுக்கும். பாரம் ஏறுவதற்கு முன்பே சக்கரத்துக்குள் இறுக்கம் வந்துவிடும். இங்கேயும் அதே சங்கதிதான். காங்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் கம்பியை இழுத்து முனையில் பூட்டி, முதலிலேயே அதை அமுக்கி வைக்கிறோம். 12.7 மி.மீ. ஸ்ட்ராண்ட் (முறுக்கிய எஃகுக் கம்பி) ஒன்று அறுபட 18 டன்னுக்கு மேல் வேண்டும். நாங்கள் இழுப்பது 14 டன் அளவுக்குத்தான். அப்புறம் டக்டுக்குள், அதாவது கம்பி ஓடும் குழாய்க்குள், கிரவுட் என்ற சிமெண்ட் கரைசலை ஏற்றிவிடுவோம்; பிற்காலத்தில் ஓரிடத்தில் வெட்டுப்பட்டாலும் மீதி நீளத்தைச் சிமெண்ட் பிடித்துக்கொள்ளும்.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. கியூப் டெஸ்டில் (அதே காங்கிரீட்டில் வார்த்த கட்டியை நசுக்கிப் பார்ப்பது) தேவையான பலம் வந்ததும், பெரும்பாலும் நாலைந்து நாளில், கம்பியை இழுக்க ஜாக்கி வைப்போம். இழுப்பதற்கு முன் வெளியே நீட்டியிருக்கும் வால் கம்பியில் பெயிண்ட் அடித்துவிடுவோம். இழுத்து முடித்ததும் அந்தப் பெயிண்ட் எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறது என்று டேப் வைத்து அளக்க வேண்டும். மீட்டருக்கு ஆறு, ஆறரை மி.மீ. நீளும்.

ஒரு கட்டடத்தில் 30 மீட்டர் கம்பிக்கு 195 மி.மீ. வர வேண்டும் என்று கணக்கு. ஜாக்கியின் கேஜில் அழுத்தம் முழுசாக வந்துவிட்டது, டேப்பில் 160தான். "கேஜ் சரியாத்தானே இருக்கு சார், வால் கம்பிய வெட்டிடலாமா?" என்று கட்டர் மெஷினோடு ஒருத்தர் வந்து நின்றார். விடவில்லை. கம்பியைத் தளர்த்திவிட்டு, சந்தேகப்பட்ட இடத்தில் உடைத்துப் பார்த்தோம். டக்ட் ஜாயின்டில் டேப் பிரிந்து காங்கிரீட் பால் உள்ளே இறங்கி, கம்பியைக் கவ்விப் பிடித்திருந்தது. சுத்தம் செய்து மறுபடி இழுத்தபோது 191 வந்தது. அன்றைக்கு வால் கம்பியை வெட்டியிருந்தால் ஜாக்கிக்குப் பிடிமானமே இருந்திருக்காது. பாதி இழுத்த கம்பியோடுதான் அந்த ஸ்லாப் நின்றிருக்கும்.

அதனால் கான்ட்ராக்டரிடம் விலை பேசும்போதே, ஒவ்வொரு கம்பிக்கும் கணக்கு எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று எழுதிய ரிஜிஸ்டர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதை உங்கள் டிசைன் இன்ஜினீயர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வால் கம்பியை வெட்ட வேண்டும்.

இன்னொன்று, சென்ட்ரிங் பிரித்ததும் ஸ்லாபின் அடியில் கம்பி போகும் வழியெல்லாம் பெயிண்டில் கோடு போடச் சொல்லுங்கள். ஏசி, ஃபால்ஸ் சீலிங் ஆட்கள் டிரில் மெஷினோடு வரும்போது டிரில் கம்பியில் பட்டுவிடாமல் இருக்க, அந்தக் கோட்டையும் டிராயிங்கையும் நீங்களே பக்கத்தில் நின்று காட்டுங்கள்.