வழுக்கும் சீட்டும் ஒட்டும் சீட்டும்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாகச் சீட்டு வித்தை பழகுகிறேன். இரண்டு கட்டுகள் வைத்திருக்கிறேன். பெட்டியில் ‘லினன் ஃபினிஷ்’ என்று போட்டிருக்கும் கட்டு இன்றும் விசிறிபோல் சீராக விரிகிறது. ‘ஸ்மூத் ஃபினிஷ்’ கட்டு புதிதில் நன்றாக வழுக்கியது; இப்போது இரண்டும் மூன்றுமாக ஒட்டிக்கொண்டு வருகிறது. மேலே தடவும் பூச்சினால் இவ்வளவு வேறுபாடு வருமா? முகப்பவுடர் தூவினால் சரியாகுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு கட்டுகளின் பூச்சும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கக்கூடும். லினன் சீட்டு ஒன்றை விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள். துணி நெசவுபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் பொடிக் குழிகள் தெரியும். அவை பூசியவை அல்ல, உருளையால் தாளில் அழுத்திப் பதித்தவை. குழிகளில் காற்று தங்குவதால் சீட்டும் சீட்டும் முழுப் பரப்பில் தொடுவதில்லை. ‘பைசைக்கிள்’ வகைச் சீட்டுப் பெட்டிகளில் ‘ஏர் குஷன் ஃபினிஷ்’ என்று அச்சிடுவது இதைத்தான். வழவழப்பான சீட்டில் குழி கிடையாது. விரலின் எண்ணெயும் வியர்வையும் படிந்ததும் இரண்டு சமதளங்களும் கவ்விக்கொள்கின்றன.

ஆனால் ஃபினிஷின் பெயரைப் பார்த்துக் கட்டு வாங்காதீர்கள். எனக்குத் தாள்தான் முக்கியம். ஜோக்கர் ஒன்றை எடுத்து மெதுவாகக் கிழியுங்கள் (வித்தைக்காரருக்கு மனம் வராது, இருந்தாலும் ஒருமுறை). நல்ல சீட்டு இரண்டு தாள்களாகப் பிரியும்; நடுவே கருநிறப் பசை தெரியும். ஒளி ஊடுருவி மறுபக்கத்துச் சின்னம் தெரியாமல் காப்பது அந்தப் பசைதான். மலிவான சீட்டு வெறும் ஒற்றை அட்டை. விளக்குக்கு நேரே பிடித்தாலே குட்டு வெளிப்படும்.

சீட்டின் தடிமன் சுமார் 0.3 மி.மீ. அதே தாளை இன்னும் அழுத்தி மெலிதாக்கியும் விற்கிறார்கள். ‘கிரஷ்டு ஸ்டாக்’ என்பார்கள். முதல் நாளே கைக்குப் பழகிய கட்டுபோல் இளகி வளையும். விசிறிக்கும் ஒற்றைக்கை வெட்டுக்கும் அது சுகம். கட்டை வளைத்து ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சீட்டுகளைச் சீறவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் தடித்த தாளையே சொல்வேன். அதன் விறைப்பு விரலைத் திருப்பித் தள்ளும்.

தொழிற்சாலையில் சீட்டை வெட்டிய முறையையும் கவனியுங்கள். கத்தி முகப்பிலிருந்து இறங்கியதா, முதுகிலிருந்து இறங்கியதா என்பதைப் பொறுத்து ஓரம் ஒரு பக்கமாக மிக நுண்ணிதாகச் சாயும். கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்கும்போது கட்டு ஒரு திசையில் நழுவி நுழைந்து, மறுதிசையில் முரண்டுவது இதனால்தான்.

‘பிளாஸ்டிக் கோட்டட்’ என்று கண்டால் முழுப் பிளாஸ்டிக் என்று எண்ண வேண்டாம்; உள்ளே தாள்தான். ஈரக்காற்றில் அது வளையும். பி.வி.சி. என்ற முழுப் பிளாஸ்டிக் சீட்டுகளைத் துடைக்கலாம், நெடுநாள் ஆடலாம். வித்தைக்கு வேண்டிய மடிப்பு மட்டும் அவற்றில் நிற்காது.

முகப்பவுடர் வேண்டவே வேண்டாம். வியர்வையோடு சேர்ந்து ஓரங்களில் கட்டிதட்டும். மேடைக்காரர்கள் விசிறிக்குத் தூவுவது ஜிங்க் ஸ்டியரேட் என்ற வேறு தூள். இப்போதைக்கு ஒட்டும் கட்டைச் சீட்டுச் சீட்டாக உலர்ந்த மென்துணியால் துடைத்து, சமமான பலகைகளுக்கு நடுவே ஓர் இரவு அழுத்தி வையுங்கள். பழகத் தொடங்குமுன் கையைக் கழுவி நன்றாக உலரவிடுங்கள்.

அன்புடன்.