கையெழுத்து அவருடையது, முடிவு யாருடையது? குடியரசுத் தலைவர் பற்றிய கேள்வி பதில்

கல்லூரியில் அரசியலமைப்புப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். குடியரசுத் தலைவர் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

சார், குரூப் 2-க்குப் படிக்கிறேன். ஜனாதிபதி வெறும் ரப்பர் ஸ்டாம்ப்தானா? (தேனி)

பாதி உண்மை, தம்பி. அமைச்சரவை சொல்கிறபடிதான் நடக்க வேண்டும் என்று 1976-ல் 42-ஆவது திருத்தம் எழுதியே வைத்துவிட்டது. 1978-ல் வந்த 44-ஆவது திருத்தம் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘மறுபடி யோசியுங்கள்’ என்று திருப்பி அனுப்பலாம். அதே ஆலோசனை மீண்டும் வந்தால் ஏற்றே ஆக வேண்டும். அந்த ஒரு தடவையை லேசாக எடைபோடாதீர்கள். 1997-ல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் ஆட்சியை இறக்கச் சொல்லி வந்த பரிந்துரையை கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். மத்தியில் இருந்த குஜ்ரால் அரசு அதோடு விட்டுவிட்டது. 1975 ஜூன் 25 இரவு இதற்கு நேர் எதிர். பிரதமர் அனுப்பிய நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டுவிட்டார். அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் விஷயமே தெரியும். இப்போது அமைச்சரவை முடிவு எழுத்தில் வராமல் அப்படிப் போட முடியாது.

மசோதாவைக் கிடப்பில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? (நாகர்கோவில்)

ஒன்றும் ஆகாது, அதுதான் வேடிக்கை. நாடாளுமன்ற மசோதாவுக்கு ஒப்புதல் தருவது பற்றிய 111-ஆவது பிரிவில் நாள் கணக்கு கிடையாது. 1986-ல் தபால் சட்டத் திருத்த மசோதா வந்தது. நம் கடிதத்தை அரசு பிரித்துப் பார்க்க அது வழிவிட்டது. ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. பதவிக்காலம் முடிந்து போய்விட்டார். அது சட்டமாகவே ஆகவில்லை. எம்.பி.க்கள் சில ஆதாயப் பதவிகளை வகித்தாலும் தகுதி இழக்காமல் இருக்க வழிவிட்ட மசோதாவை அப்துல் கலாம் 2006-ல் முறைப்படி திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அப்படியே மறுபடி நிறைவேற்றியது, அவரும் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. பேசாமல் இருந்தவருக்குப் பலித்தது, விதிப்படி நடந்தவருக்குப் பலிக்கவில்லை!

அப்படியானால் நம் நீட் விலக்கு மசோதா? சட்டமன்றமும் இரண்டு தடவை நிறைவேற்றியதே? (திருச்சி)

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். மாநில மசோதாவுக்கு 201-ஆவது பிரிவு. அதில் சட்டமன்றம் எத்தனை தடவை நிறைவேற்றினாலும் குடியரசுத் தலைவருக்குக் கட்டாயம் இல்லை. 2021 செப்டம்பரில் நிறைவேறியதை ஆளுநர் திருப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றி அனுப்பினோம். ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். இதில் குடியரசுத் தலைவரை மட்டும் திட்டிப் பயனில்லை, ஆலோசனை மத்திய அமைச்சரவையுடையது. அதே ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இப்படி வரும் மாநில மசோதாக்களில் முடிவெடுக்கக் குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதக் கெடு வைத்தது. நவம்பரிலோ ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது என்று கருத்துச் சொல்லிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஐயா, கருணை மனு மட்டுமாவது அவர் மனசுப்படியா? (வேலூர்)

இல்லையம்மா. 72-ஆவது பிரிவு அதிகாரத்தை அவர் பெயரில் தருகிறது. ஆனால் கோப்பு உள்துறை வழியாகத்தான் வரும், அமைச்சரவை ஆலோசனைப்படிதான் போகும். உங்கள் ஊர்ச் சிறையிலேயே நடந்ததைப் பாருங்கள். ராஜீவ் கொலை வழக்கில் மூவரின் மனு 2000-ல் போனது, 2011-ல்தான் நிராகரிக்கப்பட்டது. பதினோரு வருடம், தூக்கு எப்போது என்று தெரியாமல். அந்தத் தாமதத்தையே காரணமாக்கி 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. பிறகு அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளனை விடுவிக்க மாநில அமைச்சரவை 2018-ல் பரிந்துரைத்ததை, ஆளுநர் தானே முடிவெடுக்காமல் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார். அது தவறு என்று சொல்லி 2022 மே மாதம் நீதிமன்றமே அவரை விடுவித்தது.

குடியரசுத் தலைவர் தேர்தலில் எங்கள் எம்எல்ஏ ஓட்டுக்கு மதிப்பு 176-ஆமே, அது என்ன கணக்கு? (கரூர்)

தமிழ்நாட்டின் 1971 மக்கள்தொகை சுமார் 4 கோடியே 12 லட்சம். அதை எம்எல்ஏக்கள் எண்ணிக்கையான 234-ஆல் வகுத்து, பிறகு ஆயிரத்தால் வகுங்கள், 176 வரும். உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்றுதான் 1971-லேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வெளிவரும்வரை இதே 176-தான்.