முட்டி ஜவ்வு கிழிஞ்சா உருவி விடலாமா?

தம்பி, வியாசர்பாடியில பந்து ஆடும்போது முட்டி திருகி, ஸ்கேன்ல உள்பக்க ஜவ்வு (எலும்புகளைப் பிணைக்கிற MCL நார்) பாதி கிழிஞ்சிருக்குன்னு வந்ததா எழுதியிருக்கீங்க. பயப்படாதீங்க. அந்த ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் நல்லா உண்டு. பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே ஆறிடும். ஆனா வீக்கம் இருக்கிறப்போ எண்ணெய் போட்டு அழுத்தி உருவ விடாதீங்க, தயவுசெஞ்சு. அப்போ ஐஸ் ஒத்தடம் போதும்.

பிசியோதெரபிஸ்ட் கையால செய்றது வேற. முட்டிச்சில்லை மெதுவா நகர்த்தி இறுக்கத்தைத் தளர்த்துவாங்க. கிழிஞ்சதை அது ஒட்டவைக்காது. காலை மடக்கி நீட்ட உதவும். தொடைத் தசையைப் பலப்படுத்துறதுதான் பாதி வைத்தியம், அதை விட்டுட்டு அவசரமா கிரவுண்டுக்குப் போகாதீங்க.

முட்டி பூட்டிக்கிட்டாலோ, நடக்கையில நழுவினாலோ காத்திருக்க வேணாம். பக்கத்துல ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கு, எலும்பு டாக்டரைப் பாருங்க.